வெட்டிய வரப்பு

காய்ந்த வயலைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த வியாதியை எங்கள் ஊர் எருத்தேன்பதியிலேயே விட்டுவிட்டு நான் விமானம் ஏறியிருக்க வேண்டும்.

வேளாண்மை படித்துக்கொண்டிருந்தபோது, மூன்று மாதப் பரிமாற்ற மாணவியாக ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஜூலையில் போனேன். இங்கே யாரும் யாருக்கும் வேலை சொல்வதில்லை, செய்ய வேண்டியதைக் கண்டுபிடித்து நீங்களே செய்யுங்கள் என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். தரையை யாரோ துடைத்திருந்தார்கள். டீக் குவளைகளைக்கூடக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஒரு வேலையாவது செய்து காட்டாமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பண்ணைக்குப் போனேன். பச்சைப் பசேலென்ற நெல்வயல்களுக்கு நடுவே ஒரு பாத்தி மட்டும் பாளம் பாளமாக வெடித்து, இலை சுருண்டு கிடந்தது. மழைகூட விழாதபடி மேலே பிளாஸ்டிக் கூரை. இரண்டடி தள்ளி வாய்க்காலில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முறைத் தண்ணீருக்குக் காத்திருந்து, அது கடைமடைக்கு வருமுன் நின்றுபோவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். (கூரை எதற்கு என்று யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டினேன். வெடிப்புகள் மடமடவென்று குடித்தன. இடுப்பில் கைவைத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூத்த மாணவி மிசாகி குறிப்பேட்டோடு வந்து அப்படியே நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நானே முந்திக்கொண்டு குனிந்து வணங்கினேன்.

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எந்த நெல் வறட்சியைத் தாங்கும் என்பதுதான் அவளுடைய முதுகலை ஆய்வாம். பதினெட்டு நாளாக அந்தப் பாத்திக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லையாம். அன்றைக்குத்தான் கடைசி அளவு எடுக்க வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தால், வெடிப்பெல்லாம் அதற்குள் மூடிக்கொண்டிருந்தது.

வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தேன். மத்தியானம் அப்பா வீடியோவில் கூப்பிட்டபோதும் இறைத்துக்கொண்டிருந்தேன்.

“என்ன அம்மிணி கூத்து இது? வாய்க்கால்லிருந்து வயலுக்கு இறைப்பாங்க. நீ வயல்லிருந்து வாய்க்காலுக்கு இறைக்கற?”

சொன்னேன்.

“நம்மூர்ல தண்ணி உடாததுக்குத்தான் சண்டை. அங்க உட்டதுக்கா?” என்றார். பிறகு குரல் மாறியது. “அந்தப் புள்ள படிப்பு கெட்டறக் கூடாது சாமி. நீயே கூட இருந்து முடிச்சுக் குடுத்துட்டு வா.”

அவர் சொல்லாவிட்டாலும் நான் விடுவதாக இல்லை. மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்தோம். தினமும் காலை ஐந்து மணிக்கு மிசாகிக்கு முன்பே போய் இலைகளை அளந்து எழுதினேன். மண் மீண்டும் வெடித்த அன்று நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து மிசாகி முதல்முறையாகச் சிரித்தாள். வயல் காய்ந்ததற்குக் குதித்த முதல் எருத்தேன்பதிக்காரி நானாகத்தான் இருப்பேன். பதினெட்டாம் நாள் அளவும் முடிந்தது. அவள் ஆய்வு பிழைத்தது.

இடையில் பேராசிரியர் ஒரு பலகையும் பெயின்ட்டும் கொடுத்து, உன் மொழியிலேயே எச்சரிக்கை எழுது என்றார். அங்கே தண்ணீர் விடக்கூடிய ஒரே ஆள் படித்தால் போதுமாம். “தண்ணி விடாதீங்க” என்று எழுதி நட்டேன். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு மிசாகிதான் படித்துக் காட்டுகிறாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். நான் ஊர் திரும்பிய பிறகு, போன வாரம் வீடியோவில் கூப்பிட்டவள், எங்கள் தென்னந்தோப்பில் மண்வெட்டியோடு நின்ற அப்பாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, “தண்ணி விடாதீங்க” என்றாள்.

“ஆகட்டும் சாமி” என்று சொல்லிவிட்டு, அப்பா மடையைத் திறக்கப் போனார்.