பால் கவரும் விசாக நட்சத்திரமும்

இனி இந்த ஜென்மத்தில் பால் கவர் கழுவமாட்டேன் என்று ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் செய்தேன். மனசுக்குள்தான். எங்கள் வீட்டில் சத்தமாகச் சபதம் செய்யும் உரிமை என் மனைவி சொர்ணத்துக்கு மட்டும்தான்.

திருவனந்தபுரத்தில் முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவன் நான். தாணுமாலையன் கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும் என்பார்கள். போடாவிட்டாலும் நகரும் என்பது ரிட்டயர் ஆன மறுநாள் தெரிந்தது. அதே நாளில்தான் சொர்ணம் என் கையில் ஒரு பால் கவரைக் கொடுத்தாள்.

"மூலையைத் துண்டா வெட்டி எடுத்துராதீங்கோ. பாதி வெட்டி ஊத்தணும். பொறவு உள்ளயும் வெளியயும் கழுவி, கொடியிலே கிளிப்புப் போட்டுத் தொங்க விடுங்கோ."

"சும்மா தண்ணியிலே முக்கி எடுத்தா போதாதா?"

"லீலாபாய் மோந்து பாப்பா."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். இல்லை. மாசத்துக்கு ஒரு தரம் பச்சைக் கோட்டுப் போட்டு வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்க வருகிற பெண்களில் எங்கள் பகுதி லீலாபாய்க்கு. பாறசாலைக்காரி. ஒரு வாயில் ரெண்டு பாஷை, தமிழும் மலையாளமும். என் முதல் மாசத்து மூட்டையைப் பிரித்தாள், ஒரு கவரை எடுத்தாள், மோந்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாரே, இது நாறுது கேட்டோ. எடுக்கான் பற்றில்ல. மறுபடி கழுகி வைக்கணும்."

ஆபீசில் எத்தனை பேர் மனுவை நான் இதே முகத்தோடு திருப்பி அனுப்பியிருப்பேன்! அந்த வயிற்றெரிச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பச்சைக் கோட்டுப் போட்டு வந்திருக்கிறது.

எங்கள் காலனியின் பெயர் கிரீன் மெடோஸ். பத்து வருஷத்துக்கு முன்னால் வயல். இப்போது அங்கே பச்சையாக இருப்பது லீலாபாயின் கோட்டு மட்டும்தான். மூணு சென்டுக்கு ஒரு வீடு. எதிர் வீட்டுப் பஞ்சாபகேசன் தும்மினால் எங்கள் அடுக்களையிலிருந்து சொர்ணம் "நூறாயுசு" என்பாள். வலியசாலையில் வாடகை வீட்டில் இருந்தபோதுகூட ரெண்டு கையையும் விரித்துச் சோம்பல் முறிக்க இடம் இருந்தது. இங்கே முறித்தால் ஒரு கை பக்கத்து வீட்டு ஹாலில் இருக்கும்.

மிச்சமிருந்த ஒரே காலி மனையிலும் அஞ்சு மாடிக் கட்டடம் வருகிறது. அதை மேற்பார்வை பார்ப்பதுதான் என் இப்போதைய உத்தியோகம். யாரும் நியமிக்கவில்லை. காலனிச் சங்கச் செயலாளரை எவன் நியமிக்க வேண்டும்? தினமும் காலையில் போய் மேஸ்திரி தாசையனிடம் நிலவரம் கேட்பேன். 'அஸ்திவாரம் எழுபது சதவீதம்' என்று காலனி வாட்ஸாப் குரூப்பில் அறிவிப்பேன். அதே குரூப்பில் போன மாசம் இன்னொன்றும் அறிவித்திருந்தேன்: 'கண்ட இடத்தில் குப்பை போடுகிறவர் போட்டோ இங்கே வெளியிடப்படும். தயவு தாட்சண்யம் கிடையாது. இப்படிக்கு, செயலாளர்.'

சபதம் செய்த அந்தச் சனிக்கிழமை தாசையன் சொன்னான்: "அண்ணாச்சி, இந்தக் குழியை எல்லாம் மண்ணு போட்டு மூடி, வியாழக்கிழமை தரைக்குக் காங்கிரீட்டு."

"காங்கிரீட்டுக்கு அடியிலே போனது திரும்பி வருமா தாசையா?"

"இந்த ஜென்மத்துல வராது அண்ணாச்சி."

என் சபதமும் இந்த ஜென்மத்துக்குத்தான். பொருத்தம் பத்துக்குப் பத்து!

அன்றிலிருந்து கழுவாத கவர்களை ஒரு பையில் கட்டி மோட்டார் ரூமில் ஒளித்து வைத்தேன். விடிந்ததும் வாக்கிங் என்று கிளம்பி, வேலையாட்கள் வருமுன்னே குழியின் வடக்கு மூலையில் பையைப் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்தேன். கொடி காலியாக இருந்தால் சொர்ணம் கேட்பாளே? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கடைசியாக வெள்ளிக்கிழமை கழுவிய ரெண்டு கவர்களையே தினமும் தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சொர்ணமும் திடீரென்று மாறிப்போனாள். தினமும் பஸ் ஏறி வலியசாலைக் கோயிலுக்குப் போய்வந்து என் நெற்றியில் சந்தனம் தொட்டாள்.

"என்ன விசேஷம் சொர்ணம்?"

"உங்க பேரிலே அர்ச்சனை. உங்களுக்கு நேரம் சரியில்லேன்னு தோணிச்சு."

கண் கலங்கிவிட்டது எனக்கு. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம் வருத்தப்பட்டேன். ஒரே நிமிஷம்தான்.

வியாழக்கிழமை வந்தது. காங்கிரீட் மிஷின் சத்தத்தைக் காதாரக் கேட்கலாம் என்று காப்பியோடு உட்கார்ந்தேன். கேட்டது கேட் சத்தம். தாசையன் அஞ்சு பைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். பின்னால் லீலாபாய்.

"அண்ணாச்சி, எவனோ நம்ம குழியிலே குப்பை போட்டிருக்கான். செயலாளர் நீங்கதானே, கண்டுபிடிச்சுத் தாருங்க."

அஞ்சும் என் பைகள்தான். ஆனாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதே! அதற்குள் ஆறு வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. குரலை உயர்த்தினேன்.

"எவன் அவன்? மனுஷனா அவன்? பையை நேரா கார்ப்பரேஷனுக்கு அனுப்பிருவோம், இங்கே பிரிக்க வேண்டாம்!"

லீலாபாய் அதற்குள் பிரித்துவிட்டாள். கவர்களுக்கு நடுவே ஒரு கோயில் ரசீது. எடுத்து உரக்க வாசித்தாள்.

"அர்ச்சனை. தாணுமாலையன். விசாகம்."

"தாணுமாலையன்னு திருவனந்தபுரத்திலே ஆயிரம் பேர் இருப்பான்!" என்றேன்.

ரெண்டாவது பை. "தாணுமாலையன். விசாகம்."

மூணாவது. "இதும் விசாகம் தன்னே, சாரே."

எதிர் ஜன்னலிலிருந்து பஞ்சாபகேசன், "ஓய் செயலாளரே, உமக்கு விசாகம்னா? பொறந்த நாளுக்குப் பாயசம் குடுத்தேளே!" என்றார். குடித்த பாயசத்தை இவ்வளவு ஞாபகம் வைத்திருப்பவர் சந்தாவை மட்டும் மறந்துவிடுவார்.

லீலாபாய் போனை எடுத்தாள். "சாரே, நேரே நில்லுங்க. ஒரு போட்டோ."

அப்போதுதான் சொர்ணம் வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"வேண்டாம் லீலா. பாவம், மானத்தோட இருந்த மனுஷன். வேற வழி பாப்போம். தாசையா, சைட்டிலே எத்தனை பேருக்கு டீ போடுதே?"

"இருவது பேருக்கு அக்கா. நாளுக்கு மூணு தரம்."

"அந்தப் பால் கவர் எல்லாம்?"

"குமிஞ்சு கெடக்கு. கழுவ ஆளில்லே. லீலாக்கா எடுக்க மாட்டேங்குது."

"இனிமே ஆளு உண்டு," என்றாள் சொர்ணம்.

ஆறு ஜன்னலும் சிரித்தன. என் மானம் தப்பியது. கை தப்பவில்லை.

கொல்லையில் வாளி நிறையக் கவரோடு உட்கார்ந்தேன். சொர்ணம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மேற்பார்வை பார்த்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"பால் கவர்லே தேதி அடிச்சிருக்கும், பாத்ததில்லையா? நாள் ஓடுது, கொடியிலே மட்டும் வெள்ளிக்கிழமையே தொங்குது. மோட்டார் ரூமைத் திறந்தேன். பையைப் பாத்தேன். விடியக்காலம் அது எங்கே போகுதுன்னும் பாத்தேன்."

"அப்ப அந்த ரசீது?"

"நான்தான் வச்சேன். நாளுக்கு ஒண்ணு."

"அஞ்சு நாளா அங்கே ஒரு லோடு மண்ணுகூடவா விழல்லே?"

"வடக்கு மூலைக்கு மட்டும் மண்ணு போடாதேன்னு தாசையன்ட்ட சொல்லி வச்சேனே!"

கவரைக் கழுவினேன். உள்ளேயும் வெளியேயும்.

மறுநாளும் அவள் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து ஈரக் கையோடு இருந்த என் நெற்றியில் சந்தனம் தொட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதான் பிடிச்சாச்சே! இன்னும் எதுக்கு என் பேரிலே அர்ச்சனை?"

"உங்க கைக்கு ஒரு கேடும் வரக்கூடாதுல்லா? இப்பதான் தரையே ஆகியிருக்கு. இன்னும் அஞ்சு மாடி கிடக்கே!"