நீலக்கால் கொக்கு பெருகிய விதம்

அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தை யாரும் ரத்து செய்யப் போவதில்லை என்று சட்டமன்றக் குழுத் தலைவர் காலையில் திட்டவட்டமாக அறிவித்தார். அதை எப்படி ரத்து செய்யலாம் என்று கேட்க, மாலையில் சட்ட வரைவாளரைக் கூப்பிட்டனுப்பினார்.

சங்கதி இதுதான். ஊருக்கு வெளியே ஒரு சதுப்பு நிலம். அங்கே நீலக்கால் கொக்குகள் இருந்தன. வேறெங்கும் கிடையாது. அங்கேயும் விரல் விட்டு எண்ணிவிடலாம். தலைவருக்கோ அதே இடத்தில் பெரிய கடை வளாகம் கட்டியாக வேண்டும். கொக்கு இருக்கும்வரை ஒரு செங்கல் வைக்க முடியாது.

"சட்டத்துல கை வைக்கக் கூடாது. தேர்தல் வருது," என்றார் தலைவர். "ஆனா கொக்கு அழியிற நிலையில இல்லைன்னு ஆகணும்."

"அதுக்குக் கொக்கு பெருகணுமே ஐயா."

"அப்போ பெருக்குய்யா."

வரைவாளருக்குக் கொக்கின் மேல் எந்தப் பகையும் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்படித்தான் ஒருமுறை 'முடியாது' என்று சொல்லிவிட்டு, இப்போது விளையாட்டுத் துறைக் கிடங்கில் பந்துக்குக் காற்றடித்துக் கொண்டிருந்தார். அதை நினைத்தபடியே வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. அவர் மனைவிதான் கொக்குப் பாதுகாப்பு இயக்கத்தின் செயலாளர். கூடம் முழுக்கச் சட்டைகள். மார்பில் கொக்கு, முதுகில் கொக்கு. குடையிலும் கொக்கு. ஊரில் அந்த மாதம் அதுதான் மோஸ்தர். கொக்குச் சட்டை போடாமல் விருந்துக்குப் போனவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இனிமே ஊர் பூரா கொக்குதாங்க," என்றாள் மனைவி, பெருமையாக.

வரைவாளருக்குப் பொறி தட்டியது.

மறுநாளே திருத்தம் தயார். 'இச்சட்டத்தின் நோக்கங்களுக்காக, கொக்கு என்பது கொக்கையும், கொக்கின் உருவம், சாயல், சித்திரம் மற்றும் இன்னபிறவற்றையும் உள்ளடக்கும்.' எதையும் நீக்கவில்லை, குறைக்கவில்லை. பாதுகாப்பை விரிவாக்கும் திருத்தம் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். கணக்கெடுப்பு அதிகாரிகள் சேற்றில் கால் வைக்காமல், கடைத்தெருவில் நிழலாகப் பார்த்து நின்று எண்ணினார்கள். வாரம் முடிவதற்குள் கொக்கு லட்சத்தைத் தாண்டியது.

மனைவி கொதித்துப் போய்க் கண்டனப் பேரணி நடத்தினாள். ஆயிரம் பேர் கொக்குச் சட்டையில் திரண்டார்கள். ஆளுக்கு மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டாயிரம் கொக்குகள் கூடியதாகத் தலைவர் அன்றைக்கே மகிழ்ச்சி தெரிவித்தார்.

"இது உங்க வேலைதானே?" என்றாள் மனைவி, இரவு சோறு போடும்போது.

அவர் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தார்.

"அதுங்களுக்குப் போக்கிடம் இல்லைங்க. செத்துப் போயிடும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. முதல் தடவையாக வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. "எல்லாரும் சட்டையைக் கழட்டிட்டா எண்ணிக்கை விழுந்துடும்," என்றார் மெதுவாக. "பழையபடி பாதுகாப்பு வந்துடும். திருத்தத்துல அதுக்கு வழி இருக்கு."

அவள் விடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"தாராளமா தரேன்க்கா. மத்தவங்க முதல்ல தரட்டும்."

"இந்தக் கலர் எனக்கு நல்லா எடுக்குதுக்கா."

"கழட்டினா நான் கொக்குக்கு எதிரின்னு பேச மாட்டாங்களா?"

வெறுங்கையோடு திரும்பினாள். அவளே பீரோவில் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாள். நல்ல துணியாம், தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

சதுப்பு நிலத்தை மண் போட்டு மூடினார்கள். அடிக்கல் விழாவுக்குத் தலைவரும் அதிகாரிகளும் வந்தார்கள். எதிர்ப்புத் தெரிவிக்க இயக்கத்தாரும் வந்தார்கள். தலைவர் பேச எழுந்தபோது நிஜமான நீலக்கால் கொக்கு ஒன்று எங்கிருந்தோ வந்து பந்தல் கம்பத்தில் உட்கார்ந்தது. இறங்க இடம் தேடி அங்குமிங்கும் பார்த்தது.

அடுத்த நொடி அத்தனை கைபேசிகளும் உயர்ந்தன. தலைவர் எடுத்தார், இயக்கத்தார் எடுத்தார்கள், வரைவாளரும் எடுத்தார்.

"நல்லா விழுந்திருக்கா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கால் கொஞ்சம் மங்கலா இருக்கு. இன்னொண்ணு எடுக்கலாம்," என்று அவர் நிமிர்ந்தார். கம்பம் காலியாக இருந்தது.

"எந்தப் பக்கம் போச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அவரவர் கைபேசியில் கொக்கைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுப்பு அதிகாரி மட்டும் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொரு கைபேசியாக எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.