கரண்டி போட்ட துண்டு

திருத்தணி,
ஆவணி மாதக் கடைசி.

பொதட்டூர்பேட்டை பாவா சந்திரமோகன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் சமையல் கஜபதி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், சுஜாதா, அடுப்பு மூவரும் சுகம். அங்கே நீங்கள், அக்கா, தறி மூவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று மலைமேல் இருப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் என் பெயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். கட்டியிருக்கிற லுங்கியில், பின்பக்கம், 'கஜபதி சமையல் குழு, திருத்தணி' என்று பொன்னிற நூலில் தைத்திருக்கிறது. போன் நம்பரும் உண்டு. இதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக சுஜாதா சொல்லிவிட்டதால் வீட்டுக்குள்ளேயே கட்டிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேசினால் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், பிறகு தறிச் சத்தத்தையும் மீறி உங்கள் தெருவே சிரிக்கும். கடிதம் என்றால் நீங்கள் ஒருவராகச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப்போகிறேன், அதனால் நடுவில் நிறுத்திவிடாமல் படிக்கவும்.

அரக்கோணம் ரோட்டில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் திறந்திருக்கிறார்கள் அல்லவா, அங்கே சமையலுக்கு ஒரே குழுவை நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்று முடிவாகி, மேனேஜர் பாலசுப்பிரமணியன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் சாம்பாரில் அவருக்குக் குறையில்லை. எங்களில் சோறு வடிக்கிற தணிகைவேல் மேல்தான் குறை. ஏதோ ஒரு கல்யாணத்தில் அவன் பாயச அண்டா பக்கத்தில் கிழிந்த பனியனோடு நிற்பதை யாரோ போட்டோ எடுத்து, அது போன் போனாகச் சுற்றி, மேனேஜர் போனுக்கும் வந்துவிட்டதாம். பாயசத்தை யாரும் பார்க்கவில்லை, பனியனில் இருந்த ஓட்டையைத்தான் பார்த்தார்களாம். "இந்தக் காலத்துல சாப்பாட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி ஆக்கறவனைப் பாக்கறாங்க மாஸ்டர்," என்றார். எல்லோரும் ஒரே மாதிரி உடையில், குழுப் பெயரைத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஆவணியில் ஒரு கல்யாணம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஐப்பசியிலிருந்து எல்லா முகூர்த்தமும் எங்களுக்கு, இல்லாவிட்டால் தொப்பி போட்டுச் சமைக்கிற அரக்கோணத்துக் குழுவுக்கு. பாவா, இந்த வேலை கிடைத்தால் அண்டாவையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக பஸ் ஏற வேண்டாம். தணிகைவேல் இதை நம்பித்தான் தனக்குப் பெண் பார்க்கவே சொல்லியிருந்தான்.

பஜாரில் கம்ப்யூட்டர் மிஷினில் எம்பிராய்டரி போடுகிற ரஞ்சிதத்தின் கடைக்கு நான், தணிகைவேல், காய் நறுக்குகிற பூவம்மாள் மூவரும் போனோம். பெயரோடு என்ன படம் போடுவது என்று ரஞ்சிதம் கேட்டதும் சண்டை ஆரம்பித்தது. நம் ஊர்க்காரர்கள் ஆயிற்றே, தணிகைவேல் சேவல் என்றான். சைவச் சமையல்காரன் நெஞ்சில் சேவலைப் பார்த்தால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பிரியாணி எப்போது வரும் என்று கேட்பார்கள் என்றாள் பூவம்மாள். வேல் போட்டால் அதன்மேல் சாம்பார் சிந்தும், பாவம். மயில் போட்டால் தோகை முதுகு வரைக்கும் போகும் என்று ரஞ்சிதமே கையை விரித்தாள். கடைசியில் கரண்டி. பிறகு எதில் தைப்பது என்ற பேச்சு. காலர் வைத்த சட்டை ஒன்றை மாதிரிக்குத் தைத்து வாங்கி, அடுத்த வேலையில் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் காய்வதற்குள் நான் காய்ந்துவிட்டேன். சட்டை ஆணிக்குப் போனது. அடுப்பு முன்னால் சட்டையோடு நிற்கிற சமையல்காரனை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? அன்றைக்கு எங்கள் குழுவில் பார்க்க லட்சணமாக இருந்தது அந்த ஆணி ஒன்றுதான். தொப்பியையும் வாங்கிப் பார்த்தோம், தணிகைவேல் அதை வைத்துச் சூடான மூடியைப் பிடித்து இறக்கினான். பிறகு அவனேதான் அந்த யோசனையைச் சொன்னான்: "எதைக் கழட்டினாலும் லுங்கியைக் கழட்ட மாட்டோம் மாஸ்டர். அதுல தெச்சிடுங்க."

அதையும் கேட்டேன் பாவா. தொடைக்கு நேராக வரும்படி என் லுங்கியில் ஒன்றைத் தைத்துத் தரச் சொன்னேன். லுங்கிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது என்பது நெய்கிற உங்களுக்குத் தெரியும், சமைக்கிற எனக்குத் தோன்றவில்லை. காலையில் முன்னால் இருந்த எழுத்து, ஒரு தடவை அவிழ்த்துக் கட்டியதும் பின்னால் போய்ச் சேர்ந்தது. மடித்துக் கட்டினால் அடியோடு மறைந்தது. மிச்சத்தை மேலே எழுதிவிட்டேன். பூவம்மாள் மட்டும் என் பின்னாலேயே நடந்து வந்து, "எனக்கும் ஒரு லுங்கியா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளேதான் வழியும் சொன்னாள். ஆணோ பெண்ணோ சமையல்காரர் தோளை விட்டு இறங்காதது துண்டு ஒன்றுதான். ஆகவே துண்டு.

இங்கேதான் பாவா, தப்பு உங்கள் பேரில் வருகிறது. நான் உங்களிடம் கேட்டது சமையல்கட்டுத் துண்டு. நீங்கள் மச்சானுக்கு என்றதும் மனசு நிறைந்து, பால் வெள்ளையில், விரல் அகலத்துக்குப் பொன்னிறக் கரை போட்டு, மந்திரி தோளில் போடுகிற மாதிரி நெய்து அனுப்பிவிட்டீர்கள். ரஞ்சிதம் அதில் ஒரு முனையில் கரண்டி, பெயர், நம்பர் எல்லாம் தைத்ததும் எனக்கே அதில் கை துடைக்க மனசு வரவில்லை. மேனேஜர் சொன்ன ஆவணிக் கல்யாணத்தன்று, சமையல் முடித்து, முகம் கழுவி, பரிமாறப் போகும்போது போட்டுக்கொள்ளலாமென்று, எழுத்து உள்ளே போகும்படி மடித்து மண்டபத்தின் சாமான் அறையில் வைத்துவிட்டோம். சம்பந்திக்கு வைக்கிற சீர்த் தட்டுகளும் அங்கேதான் இருந்தன.

பெண் வீடு நம்ம பக்கம், அப்பா வேடியப்பன், நிலபுலன் உள்ளவர். மாப்பிள்ளை வீடு ஆந்திராவில் நகரிப் பக்கம், பெரியவர் பெயர் ராஜவேலு, முறுக்கிய மீசை, கூடவே அவருடைய தம்பிகள். மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குத் துண்டு போர்த்துகிற நேரம் வந்தபோதுதான் வேடியப்பன் வாங்கி வைத்த துண்டுகள் வீட்டிலேயே நின்றுபோனது தெரிந்திருக்கிறது. அவர் தம்பி சாமான் அறைக்கு ஓடிப்போய், பொன்னிறக் கரையைப் பார்த்ததும் கும்பிடாத குறையாகத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டார். மேளம் வாசிக்க, வேடியப்பன் ஒவ்வொருவர் தோளிலும் போர்த்தினார். கடைசித் துண்டைப் போர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சம்பந்தி நெஞ்சில் என் பெயர், கரண்டியோடு. போர்த்திய துண்டைத் திருப்பி எடுத்தால் கல்யாணமே நின்றுபோகும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேடியப்பன் வேர்க்க வேர்க்கச் சமையல்கட்டுக்கு ஓடி வந்தார். நடந்ததைச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், வாயத் தொறந்துடாதீங்க. அவங்க தமிழ் பேசுவாங்க, படிக்கத் தெரியாது. தெரிஞ்சா சமையக்காரன் துண்டப் போட்டு அவமானப்படுத்திட்டான்னு பொண்ண எங்கூடவே அனுப்பிடுவாங்க." நான் என்ன செய்வேன்? பெண்ணோ பாவம், வெளியே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடுப்பின் மேல் சத்தியம் செய்தேன். அவர் போன பிறகுதான் உறைத்தது, எங்களுக்குப் போட்டுக்கொள்ளத் துண்டு இல்லை, அதை மேனேஜரிடம் சொல்லவும் முடியாது.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். மேனேஜர் பாலசுப்பிரமணியன், குழு எப்படி இருக்கிறது பார்க்கலாமென்று வந்தார். பார்த்தால் குழு மொத்தமும் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது. மனுஷர் சத்தம் போடவில்லை. ராஜவேலு காதுக்கிட்டே குனிந்து, இப்படி நீங்களே முதலில் உட்கார்ந்தால் எப்படி, எழுந்துபோய்ப் பரிமாறுங்கள் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். ராஜவேலு கோபப்படுகிற ஆள் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, தம்பிகளையும் எழுப்பிக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். என் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒருவர் என்னிடமே சாம்பார் வாளியை நீட்டினார் பாவா. நான் வெற்றுடம்போடு நிற்கிறேன்.

"நைனா, இதுல ஊத்து," என்றார். "உங்க ஊர்ல சம்பந்திதான் மொதப் பந்திக்குப் பரிமாறணுமா?"

அவர் பின்னால் வேடியப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "ஆங், ரொம்ப நாள் வழக்கங்க," என்றேன். "சம்பந்தி கையால ஊத்தினா பொண்ணு நல்லா இருக்கும்."

"மொதல்லயே சொல்லியிருந்தா வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு வந்திருப்பேனே," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்படி ஒரு பந்தியை நான் பார்த்ததில்லை. ரசத்துக்கு முன்னால் மோர் வந்தது, அப்பளம் வந்த இலைக்கே திரும்பத் திரும்ப வந்தது, ஆனால் ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, நம்ம வீட்டுக் கல்யாணம்," என்று அவர் சொன்ன குரல் இருக்கிறதே, அதற்கே வயிறு நிறைந்துவிட்டது. பெண் வீட்டுக் கிழவர்கள் இப்படி ஒரு சம்பந்தி எங்கே கிடைப்பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் துண்டுகளோடு நகரிக்குப் போய்விட்டார்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் அகப்படும்வரை எனக்குப் பயமில்லை.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பரிமாறத் தெரியலைன்னாலும் உங்க ஆளுங்களுக்கு மரியாத தெரிஞ்சிருக்குது," என்றார். ஐப்பசியிலிருந்து எல்லா முகூர்த்தமும் எங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. அந்த மீசைக்காரப் பெரியவர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வர வேண்டுமாம்.

இப்போது உதவிக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் மீசைக்கும் உங்கள் மீசைக்கும் அதிக வித்தியாசம் இல்லை, உங்களுடையதில் கொஞ்சம் நூல் பஞ்சு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் அதே வெள்ளையில், அதே கரையில் இன்னொரு முறை துண்டு நெய்துகொண்டு, ஐப்பசி முகூர்த்தத்துக்கு வந்து, பந்தி ஓரமாக நின்று, "நம்ம வீட்டுக் கல்யாணம்," என்று மட்டும் சொன்னால் போதும். வாளியைத் தூக்க வேண்டாம். தணிகைவேலுக்கு ஒரு பெண் அமைவது உங்கள் மீசையில் இருக்கிறது. அக்கா கேட்டால் சம்பந்தி மரியாதைக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் வீட்டில் நூல் அறாமலும், எங்கள் வீட்டில் பால் திரியாமலும் தணிகை மலையான் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் அன்பு மச்சான்,
கஜபதி.

பி.கு. பாவா, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம், துண்டு நெய்யவும் வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் இன்று காலை அதே மண்டபத்தின் சின்ன ஹாலில் ஒரு காதுகுத்து வேலை வந்தது. ரஞ்சிதத்தின் கடையில் மாதிரிக்கு விட்டு வைத்திருந்த ஒரே துண்டை வாங்கிப் போட்டுக்கொண்டு தணிகைவேல் தண்ணீர் வைக்கப் போனான். நல்ல நேரம் முடியப்போகிற அவசரத்தில் ஆசாரி அவன் தோளில் இருந்த பொன்னிறக் கரையைப் பார்த்து, மாமா வந்துட்டாரு என்று சொல்லி, மணையில் உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்துவிட்டார். இனிமேல் துண்டும் வேண்டாம், மீசைக்காரப் பெரியவரும் வேண்டாம், எல்லோரும் சட்டை போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். குழந்தைக்கு இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. தாய்மாமன் அடுத்த பஸ்ஸில் வந்தார்.