முக்காலிக்குப் பேர் வைத்தவர்

மனிதர்களில் பேர்வைப்பார் என்று ஓர் இனம் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று பேர் வைக்கிற சாமியாரைச் சொல்லவில்லை. பாவம், அவர் வைக்கிற பேர் சான்றிதழோடு சரி. நான் சொல்கிறவர் வைக்கிற பேர் உங்களோடு பள்ளிக்கூடம் வரும், வேலைக்கு வரும், பெண் பார்க்க வரும், கடைசியில் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வரும். கல்லில் பொறிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மண் போட வந்தவர்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் உச்சுக் கொட்டுவார்கள்.

எங்கள் திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒருத்தர் குறையாமல் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பாக்கியராஜ் மாமா. ஓய்வுபெற்ற வாத்தியார். வயது அறுபத்திரண்டு, மீசைக்கு மட்டும் இருபத்திரண்டு. எங்கள் அன்பியத்தின் தலைவரும் அவர்தான். அன்பியம் என்றால், ஒரே கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீடுகள் முப்பது சேர்ந்து வாராவாரம் ஜெபம் செய்து, ஒருவரையொருவர் நேசிப்பதற்காக ஏற்பட்டது. முப்பது வீட்டுக்கும் பேர் வைத்து முடித்தவர் மாமா. பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி, செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறிய ரோஷன் இன்றைக்குப் பழனியில் வங்கி அதிகாரி. தெருவில் அவன் செப்டம்பர். பிரசங்கத்தில் கண்ணயர்ந்து, திடுக்கென்று விழித்து, சாமியார் தும்மியதற்கு "ஆமென்" சொல்லிவிட்ட ரோசலின் டீச்சர் அன்றிலிருந்து ஆமென் அக்கா.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். இவர் தனியாக இருக்கும்போது பரம சாது. உங்களை ஒற்றையில் பார்த்தால் "சாப்டியாப்பா, உடம்பு எப்டியிருக்கு" என்று நெஞ்சு நனைய விசாரிப்பார். அந்தப் பக்கம் நாலு பேர் வரட்டும், டீக்கடை பெஞ்சு நிறையட்டும், உடனே கண்ணில் ஒரு மினுமினுப்பு ஏறி, தொண்டையைச் செருமி, உங்கள் உடம்பில் நீங்கள் எதைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருக்கிறீர்களோ, வாழ்க்கையில் எதை யாரும் மறந்துவிட்டால் தேவலை என்று மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறீர்களோ, அதைத் தொட்டுத் தூக்கிப் பெஞ்சின் நடுவில் வைத்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது வேதவாக்கு: "சும்மா தமாசுக்குச் சொன்னேன். இதுக்குப் போயி கோவிச்சுக்கலாமா?"

பார்த்தீர்களா வேலையை? குத்தினவர் அவர், குற்றவாளி நீங்கள்!

ஏன் இப்படி? மனோதத்துவக்காரர்கள் தடித்தடிப் புத்தகமாக எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பழனி பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். பக்கத்தில் இருப்பவன் கொஞ்சம் ஒடுங்கினால் நமக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். அதில் ஒரு சுகம். மாமா தன் சம்பந்திக்குப் பேர் வைத்ததில்லை. இன்ஸ்பெக்டருக்கு வைத்ததில்லை. ஒடுங்கக் கூடியவனாகப் பார்த்துத்தான் வைப்பார். இதில் ஒரு விசேஷம் சொல்கிறேன் கேளுங்கள்: அடுத்தவனுக்குப் பேர் விழுகிறபோது எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவன் செப்டம்பர் ரோஷன்தான். அந்த ஒரு நிமிஷம் யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா?

இனி ரொனால்டு கதைக்கு வருகிறேன்.

ரொனால்டு கொஞ்சம் குள்ளம். பன்னிரண்டு வயதில் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கப் போனவனுக்கு மைக் எட்டவில்லை. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஏறி நின்று கணீரென்று வாசித்தான். வாசித்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் மாமா, "ஏலே முக்காலி, நல்லா வாசிச்சடா" என்றார். தீர்ந்தது. பதினேழு வருஷமாக அவன் முக்காலி. வளர்ந்து செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்தான். 'ரொனால்டு மொபைல்ஸ்' என்று ஆளுயரத்துக்குப் போர்டு மாட்டினான். ஆளுயரம் என்றால் நம் உயரம். அந்தப் போர்டை வாசித்தவர் ஒருவரும் இல்லை. "முக்காலி கடையில குடுங்க, சரி பண்ணிருவான்." கூகுள் மேப்பில்கூட யாரோ ஒரு புண்ணியவான் அப்படித் திருத்திவிட்டார்.

அவனுக்கு அகரத்தில் நான்சி என்ற பெண் அமைந்தாள். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசை முடிவில் அறிவிப்பார். ரொனால்டு, பாக்கியராஜ் மாமா வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ஒங்கள ஒண்ணு கேக்குறேன். பொண்ணு வீட்டுக்காரங்க காதுல அந்தப் பேரு விழ வேணாம். மூணு ஓலையிலயாச்சும் என் பேரு என் பேரா இருக்கட்டும்."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. "போடா கிறுக்குப் பயலே, நான் சொல்லுவனா? மாதா மேல ஆணை." ஆணையைக் காப்பாற்றவும் செய்தார். அவனைக் கண்டால் வாயைக் கையால் பொத்திக்கொள்வார். வாய்க்குப் பூட்டுப் போட்டவர், கைக்குப் போட மறந்துவிட்டார். கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய விவரச் சீட்டை அன்பியத் தலைவர் என்ற முறையில் எழுதியவர் அவர்தானே! வாத்தியார் கையெழுத்து, முத்து முத்தாக: சவரிமுத்து மகன் முக்காலி. பதினேழு வருஷப் பழக்கம், வேறு பேர் அவர் நினைவில் எங்கே இருக்கிறது?

சாமியார் ஊருக்குப் புதுசு. பிறகு கேட்டபோது, "மலைச்சாமி, சின்னக்கண்ணுன்னெல்லாம் பேர் இருக்கிற ஊரு, இதுவும் ஒரு பேருன்னு நெனச்சேன்" என்றார். மைக்கில் அழுத்தம் திருத்தமாக வாசித்தார்: "சவரிமுத்து மகன் முக்காலிக்கும், அகரம் நான்சிக்கும்..."

கோயில் கொல்லென்று சிரித்தது. நானும்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரொனால்டு. இன்னொருவர், ஓலையைக் காதால் கேட்க அகரத்திலிருந்து வந்திருந்த நான்சியின் அத்தை வியாகுலம்மாள். பூசை முடிந்ததும் முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

"என்னப்பா அநியாயமா இருக்கு! ரொனால்டுன்னு ஒரு பையனக் காட்டிட்டு, முக்காலின்னு எவனுக்கோ ஓல வாசிக்கிறீக?"

"அவந்தாங்க இவன். சும்மா ஒரு செல்லப் பேரு" என்றார் மாமா, வியர்த்து வழிய.

"முக்காலின்னா? கால்ல ஏதும் கோளாறா? சொல்லாம மறச்சிட்டீகளா? தம்பி, தப்பா நெனைக்காதீக, செத்த நேரம் நடந்து காட்டுங்க."

நடந்தான். பட்டுவேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாதா சிலை இருக்கும் கெபியிலிருந்து கொடிமரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். முந்நூறு பேர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்குக்கூடப் போகாமல் நின்று பார்த்தோம். "ஓடிக் காட்டச் சொல்லுங்கம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவன் காது சிவந்துவிட்டது.

அத்தைக்கு அப்போதும் திருப்தி இல்லை. நான்சிக்குப் போன் போட்டு, காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரையும் போட்டார்.

"அத்த, எனக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவரே சொல்லிட்டாரு. காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் நான்சி. அத்தோடு விட்டிருக்கலாம். "அந்தப் பேர வச்சது மைடப்பா மாமாதானே?"

முற்றத்தில் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! கோபுரப் புறா அத்தனையும் பறந்துவிட்டது.

"எவன்டா மைடப்பா?" என்றார் பாக்கியராஜ் மாமா. முப்பது வீடும் அவர் மீசையைப் பார்த்தது. அவர் கை தானாக மேலே போய் அதை மறைத்தது. சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சாயம் பூசுவது தெருவுக்கே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"ஒரு பெரிய மனுசன இப்புடியா அவமானப்படுத்துறது? மனசுன்னு ஒண்ணு இல்லையாடா ஒங்களுக்கு? கூட்டுங்கடா அன்பியத்த!" குரல் உடைந்துவிட்டது அவருக்கு.

ரொனால்டு மெல்லச் சொன்னான்: "சும்மா தமாசுக்கு மாமா."

மாமா அந்த வாரம் ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு மீசையை வழித்துவிட்டு வந்து, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அதற்கும் ஒரு பேர் தயாராகிவிட்டது. நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் ஓலை. ரொனால்டு எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தான். சாமியார் சீட்டை இரண்டு தரம் உற்றுப் பார்த்துவிட்டு வாசித்தார்: "சவரிமுத்து மகன் ரொனால்டுக்கும், அகரம் நான்சிக்கும்..." ஒரு சிரிப்பு இல்லை. பதினேழு வருஷத்துக்குப் பிறகு அவன் பேர் அந்தக் கோயிலில் முழுசாக ஒலித்தது. அவன் முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பெருமையாக இருந்தது.

போன வாரம் ஊரில் இல்லாத ரோஷன் என் பக்கம் சாய்ந்தான். "யாருண்ணே இது, ரொனால்டு? நம்ம தெருவா?"

"நம்ம முக்காலிப்பா" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ரொனால்டு திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பிக் குனிந்துகொண்டான்.

வாய் தவறிச் சொன்னதுதான். இதற்குப் போய் அவன் கோபித்துக்கொள்ளலாமா? இன்னும் ஓர் ஓலை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் ஏன் முறைக்கிறீர்கள்? உங்கள் ஆபீசிலோ தெருவிலோ ஒருவருக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது. இதைப் படிக்கும்போதே அது ஞாபகம் வந்து உங்கள் உதடு லேசாக விரிந்தது. இருக்கட்டும், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அவருடைய சொந்தப் பேரை மட்டும் சொல்லுங்கள் பார்ப்போம்.