அரைநாள் அண்ணையின் ஈஜினா

அரை நாளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகச் சீவித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மெல்பேர்னில், ரிச்மண்ட் பகுதியில், என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி மெல்பேர்ன் தமிழர் அனைவருக்கும் அவர் அரைநாள் அண்ணை. மெல்பேர்ன் தமிழர் என்றதும் பெரிய கூட்டத்தைக் கற்பனை செய்யாதீர்கள். எங்கள் எல்லாரையும் இரண்டு ட்ராம்களில் ஏற்றிவிடலாம். யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சண்டைக்கு மட்டும் மூன்றாவது ட்ராம் தேவைப்படும்.

அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குக் கணக்காளர் பரீட்சைக்குப் படிக்கப் போனவர். பரீட்சைக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தபோது ஏதென்ஸில் விமானம் பழுதுபட்டு, பயணிகளை ஹோட்டலில் போட்டார்கள். மற்றவர்கள் படுத்துத் தூங்கினார்கள். அண்ணை படகேறிப் பக்கத்திலிருந்த ஈஜினா என்ற தீவுக்குப் போய், ஒரு காரைச் சாரதியோடு அமர்த்தி, அரைநாள் கடற்கரை பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த அரை நாள் முடியவே இல்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை.

"குறூப் இல்லைத் தம்பி, பிரைவேட்" என்பார். "நான், சாரதி, கடல். வேற ஒருத்தரும் இல்லை."

நான் முதன்முதல் கேட்டபோது அவர் அந்தக் கடலில் கணுக்கால்வரை இறங்கியிருந்தார். தைப்பொங்கலுக்கு முழங்கால்வரை போய்விட்டார். சித்திரை வருஷப்பிறப்பன்று நீந்திக்கொண்டிருந்தார். ஆடிப்பிறப்புக்குள் ஒரு பேய்க்கணவாய் எட்டுக் காலாலும் அவரைப் பிடித்து, அவர் அதைப் பிடித்து, சாரதி அதைச் சுட்டுக் கொடுக்க, இவர் தின்று, வைன் குடித்து, மணலில் கிரேக்க நடனமும் ஆடிவிட்டார். இத்தனையும் அரை நாளில் முடிய வேண்டுமானால் அன்றைக்குச் சூரியன் ஓவர்டைம் செய்திருக்க வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மெல்பேர்னுக்குப் புதிதாக வரும் தமிழர் எவரையும் முதல் சனிக்கிழமையே சென்ட் கில்டா கடற்கரைக்கு ட்ராமில் கூட்டிப் போவார். இலவசம், பிரைவேட், அரைநாள். கோட்டும் டையும் போட்டு, முகம் தெரியும்படி சப்பாத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டுதான் கடற்கரைக்கே வருவார். ஒரு தடவை நானும் போனேன். வவுனியாவிலிருந்து வந்த இளம் தம்பதி ஒன்று கடலை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றது.

"அந்தக் கப்பலைப் பாக்காதேங்கோ" என்றார் அண்ணை. "அதில ஒரு மலை இருக்கெண்டு நினையுங்கோ."

"எதில அண்ணை?"

"கப்பல் நிக்கிற இடத்தில. மலைக்கு மேல ஒரு பழைய கோயில். கூரை இல்லை."

"என்ன சாமி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சாமியும் இல்லை."

"அப்ப என்னத்தைப் பாக்கிறது?"

"பாக்கச் சொல்லேல்லைப் பிள்ளை. நினைக்கச் சொன்னனான்."

அவரோடு போன பலர் சென்ட் கில்டாவை இன்றுவரை பார்க்கவில்லை. ஈஜினா மட்டும் அவர்களுக்குத் தெருத்தெருவாகத் தெரியும்.

அண்ணைக்கு ஒரே ஒரு எதிரி. டொக்டர் அன்ரி. டொக்டர் என்பது அவருடைய கணவர். பட்டத்தை அன்ரி வைத்திருந்தார். கிளென் வேவர்லியில் அவர்கள் வீட்டு ஹோலில் கலர் டெலிவிஷனுக்குப் பூவேலை செய்த துணி போர்த்தியிருக்கும். யாராவது வந்தால் துணி விலகும். அண்ணை வரும்வரை எங்களுக்குள் ஐரோப்பா அன்ரியின் கையில்தான் இருந்தது. அவர் வரும் வழியில் ரோமில் விமானம் மாறியவர்.

"ரோமில நாங்கள் நிண்டபோது..." என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் பரிமாறிக்கொண்டே தொடங்கினார்.

"விமான நிலையத்திலயோ அன்ரி?" என்றார் அண்ணை, சொதியைப் பார்த்தபடி.

"விமான நிலையமும் ரோமிலதானே இருக்கு? கண்ணாடிக்குள்ளால வடிவாத் தெரிஞ்சது."

"கண்ணாடிக்குள்ளால பாக்கிறது குறூப். இறங்கிப் பாக்கிறது பிரைவேட்."

அன்றைக்கு அண்ணைக்கு இரண்டாம் தடவை இடியப்பம் வரவில்லை. அவர் போன பிறகு அன்ரி எங்களிடம் சொன்னார்: "உவர் அங்க காலே வைக்கேல்லை. எந்தக் கோர்ட்டிலயும் வந்து சொல்லுவன்."

உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப்பேர் அன்ரியின் கட்சிதான்.

அந்த வருஷம் நாங்கள் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். நானும் அண்ணையும் ஒரு மீன், சிப்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளைப் பார்க்கப் போனோம். கடைக்காரர் ஸ்ரவ்ரோஸ், தொந்தியில் ஏப்ரன் கட்டிய கிரேக்கர். வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்கும் கேள்வியை அண்ணை கேட்டார்: கிரீஸில எந்த இடம்?

"ஈஜினா" என்றார் ஸ்ரவ்ரோஸ்.

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு அறைச் சாவியை வாங்கியிருப்பார்கள். அண்ணை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் அங்கே போயிருக்கிறேன், பிரைவேட்" என்றார்.

பிறகு நடந்தது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் தருவதுதான் ஆங்கிலத்துக்கு மரியாதை. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒருவன் தன் கிராமத்தின் பெயரைச் சொன்னால் எந்த ஒழுங்கை, யாருடைய பகுதி, கிணற்றடியாலே போகிற வீடோ என்று தோண்டுவார்களே, அதே தோண்டல்தான்.

"ஈஜினாவில் எந்தக் கடற்கரை?"

"மலைக் கோயிலுக்குக் கீழே இருப்பது."

"யாருடைய கார்?"

"பெயர் தெரியாது. மீசை வைத்தவர்."

"தீவில் எல்லாருக்கும் மீசைதான். என் அத்தைக்கும் உண்டு. கார் என்ன நிறம்?"

"பச்சை. பின்கதவு பூட்டாது. கயிற்றால் கட்டியிருந்தது."

ஸ்ரவ்ரோஸ் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தார். பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கு மூட்டையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என் தம்பி. யானிஸ்."

கதை வந்தது. தகப்பன் விட்டுப்போன பிஸ்தாத் தோட்டத்தை அண்ணனும் தம்பியும் பிரித்தபோது, எல்லையில் ஒரு மரம் நின்றுவிட்டது. காய் விழுவது ஒரு பக்கம், வேர் இருப்பது மறுபக்கம். அதோடு பேச்சு நின்றது. ஸ்ரவ்ரோஸ் கோபத்தில் கப்பலேறி உலகத்தின் அடிப்பக்கத்துக்கே வந்துவிட்டார். எல்லை மரம் என்றதும் எங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. இதே வழக்கைப் பேசிப் பேசியே எங்கள் ஊர் அப்புக்காத்துமார் மாடிவீடு கட்டியிருக்கிறார்கள்.

"என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார் ஸ்ரவ்ரோஸ். 

அண்ணை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "உங்களைக் கேட்டு அழுதார்" என்றார்.

அறை கிடைத்தது. மேலே ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"அண்ணை, மெய்யே?"

"கார் பச்சை எண்டது மெய்."

"அழுதது?"

"உவ்வளவு பெரிய மனுசன் மீன் வெட்டுறதை விட்டிட்டுக் கேக்கிறார். தம்பி ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

அன்றைக்கே ஸ்ரவ்ரோஸ் தம்பிக்கு டிக்கெட் அனுப்பி, உடனே வரச் சொன்னார். யானிஸ் வருகிறார் என்ற பதில் வந்த நாளிலிருந்து கடையின் போக்கு மாறியது. ஸ்ரவ்ரோஸ் முன்னறைக்கு நீலப் பெயின்ற் அடித்தார், புதுக் கட்டில் வாங்கினார், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சிப்ஸோடு சேர்த்து, "தம்பி என்னைக் கேட்டு அழுதானாம்" என்ற செய்தியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ரிச்மண்ட் முழுவதும் அந்த அழுகையைத் தின்றது.

அண்ணையின் போக்கும் மாறியது. சென்ட் கில்டாப் பயணங்கள் நின்றன. பேய்க்கணவாய் காலை விட்டுவிட்டது. ஒரு நாள் சவரம் செய்துகொண்டே, "சிட்னியில தபால் பிரிக்கிற வேலை இருக்காம். போவமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

"பயமோ அண்ணை?"

"எனக்கென்ன பயம்? என்ரை பேர் ஏற்கெனவே டொக்டர் அன்ரி வீட்டில கிடந்து மிதிபடுது. அந்த ஸ்ரவ்ரோஸ் மனுசன் கட்டிலும் வாங்கிப்போட்டெல்லே இருக்கு. தம்பிக்காரன் வந்து, நான் எங்க அழுதனான் எண்டு கேட்டானெண்டால்?" பாதிச் சவர முகத்தோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் அவருடைய பொய்யில் மற்றவருடைய கட்டிலும் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

செய்தி கிளென் வேவர்லிக்கும் போனது. அன்ரி டொக்டருடைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு துல்லமரைன் விமான நிலையத்துக்கு வந்துவிட்டார், பட்டுச் சேலையில். ஒருவர் விழுவதைப் பார்க்க இவ்வளவு நகை போட்டுக்கொண்டு வந்தவரை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

யானிஸ் வந்தார். மீசை உண்டு. ஸ்ரவ்ரோஸ் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டார். யானிஸ் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பிஸ்தா மரம் நிற்பதை நானே கண்டேன்.

ஸ்ரவ்ரோஸ் தாடையால் அண்ணையைச் சுட்டிக்காட்டினார். யானிஸ் திரும்பிப் பார்த்தார். கோட். டை. பளபளக்கும் சப்பாத்து. பெட்டி கையிலிருந்து விழுந்தது.

"வாளி!" என்று கத்தினார். உல்லாசப் பயணிகளிடம் பழகிய ஆங்கிலத்தில், விமான நிலையம் முழுவதற்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினார்.

"இந்த ஆளை மறப்பேனா? கடற்கரை பார்க்க வந்தவர், முதலில் மலைக்கு விடு என்றார். இடிந்த கோயில். உச்சி வெயில். வாசலில் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினார். ஏன் என்றால், கோயில் என்றார். கூரை இல்லையே, கடவுள் போய் ஆயிரக்கணக்கான வருஷம் ஆயிற்றே என்றேன். போனவர் வந்தால் நான் சப்பாத்தோடு நிற்கக்கூடாது என்றார். மூன்று முறை சுற்றினார். கல்லு நெருப்பு. உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். இவரை நான் முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினேன், டையோடு."

"பிறகு கடற்கரை?" என்று கேட்டார் அன்ரி. ஆங்கிலத்தில், வழக்கறிஞர் தோரணையில்.

"மணலில் கால் வைக்க முடியாதே. காருக்குள்ளேயே இருந்தார். நான் வாளியில் கடலை அள்ளிக் கொண்டுவந்தேன். அரைநாளும் இரண்டு காலையும் வாளிக்குள் வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார்."

நீச்சலும் பேய்க்கணவாயும் நடனமும் எங்கள் கண் முன்னாலேயே ஒரு வாளிக்குள் சுருங்கிப் போயின. அண்ணை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரவ்ரோஸுக்கு வாய் திறந்தது. "இவர் சொன்னார், நீ என்னைக் கேட்டு அழுதாயாம்."

யானிஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"அழுதேன்" என்றார் யானிஸ். "கார் ஓட்ட முடியாத அளவுக்கு அழுதேன்."

பைக்குள்ளிருந்த கைகள் வெளியே வந்தன. இரண்டு மீசைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதில், வெளியே வந்த மற்றப் பயணிகள் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

திரும்பும்போது அன்ரி ஓட்டிய காரின் பின் இருக்கையில் நான், அண்ணை, யானிஸ். யானிஸ் குனிந்து அண்ணையின் காதில் மெதுவாகச் சொன்னார்: "அன்றைக்கு அழுதது நீ. கொப்புளத்துக்கு." அண்ணை ஜன்னலுக்கு வெளியே தீவிரமாக மெல்பேர்னைப் பார்த்தார். அவர் மெல்பேர்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டொக்டர் அன்ரி தோற்றதாக யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிறே அண்ணைக்குத் தனித் தட்டில் இடியப்பம் வந்தது. "எங்கட ஆள் ஒராள் கிரீஸில கால் வேக வேகப் பிரதட்சிணம் செய்தவர்" என்று வந்தவர்களுக்கெல்லாம் கலர் டெலிவிஷனுக்கு முன்னால் அவரை இருத்திக் காட்டினார். ஐரோப்பா மறுபடி அன்ரியின் வீட்டுக்கே வந்துவிட்டது. அண்ணையும் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தைப்பொங்கலுக்கு அந்த வாளி தொட்டியாகிவிட்டது. நான் மெல்பேர்னை விட்டுப் புறப்பட்டபோது அதற்குள் சிறிய மீன்கள் வந்திருந்தன.

போன மாதம் மேற்படிப்புக்கு லண்டன் போகும் வழியில் ஏதென்ஸில் இறங்கி, படகேறி ஈஜினாவுக்குப் போனேன். ஊர் திரும்பியிருந்த யானிஸ் துறைமுகத்தில் பச்சைக் காரோடு நின்றார். பின்கதவில் அதே கயிறு. எல்லை மரத்தில் கைநிறையப் பறித்த பிஸ்தாவை என் பைக்குள் திணித்துவிட்டு, "குறூப்பா, பிரைவேட்டா?" என்று கேட்டார்.

கடற்கரைக்கு முன்னால் மலைக்கு விடச் சொன்னேன். அண்ணை சொன்னது அத்தனையும் சரி: கூரை இல்லை, சாமி இல்லை, கீழே கடல் மட்டும். சப்பாத்தைக் கழற்றினேன். யானிஸ் காரின் டிக்கியைத் திறந்து வாளியை எடுத்து வெளியே வைத்தார்.

ஒரு சுற்றிலேயே கால் கொதித்தது. நிற்கத்தான் பார்த்தேன். ஆனால், எத்தனை சுற்றென்று மெல்பேர்னில் ஒருவர் கேட்பாரே.