கரே கொடுத்த பன்றியும் என் சத்தியமும்

நேர்மை அலுவலகம்,
மீன் கிடங்கின் பின்பக்க அறை,
பெந்தெகொஸ்து தீவு, வடகரை.
செவ்வாய்க்கிழமை

மதிப்பும் பாசமும் நிறைந்த அக்கா எல்சினா அவர்களுக்கு,

தம்பி பாசில் தாரி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் தலைநகர் போர்ட் விலாவில் நலமாக இருப்பீர்கள் என்றும், அமைச்சக வாசலில் காத்திருக்க ஒரு நாற்காலியாவது கிடைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி ரோசிதாவும் பிள்ளைகளும் நலம். ஆஸ்பத்திரிக்கு டாக்டரே வருவதில்லை என்ற கோபத்தில் தாங்கள் 'டாக்டர்' என்று பெயர் வைத்து, மகன் கல்யாணத்துக்காக என் பொறுப்பில் விட்டுச்சென்ற வளைபல் பன்றியும் நலம். வேளாவேளைக்குத் தேங்காயும் வெந்த சேம்பும் சாப்பிடுகிறது.

நம் வழக்கப்படி தம்பியும் அக்காவும் முகத்துக்கு நேரே நின்று வாயாடக் கூடாது என்பதாலும், போன் டவர் மறுபடியும் படுத்துவிட்டதாலும், நாளைக்கு விமானத்தில் அங்கு வரும் போதகர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் புகாரை விசாரிக்கும் சனிக்கிழமை கூட்டத்துக்காகத் தாங்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன் சில விஷயங்களை என் வாயாலேயே தெரிந்துகொள்வது நல்லது. படகுத்துறையில் நாலு பேர் சொல்லித் தெரிந்தால் எனக்கு இன்னும் கேவலம்.

முதலில் ஆஸ்பத்திரிக் கூரை. தாங்கள் பார்த்துவிட்டுப் போன நிலையைவிட மோசம். வில்சன் கரே காண்ட்ராக்ட் எடுத்துப் போட்ட தகரம், தாங்கள் புகாரில் சொன்னதுபோலவே, அப்பளம்தான். போன வாரம் அடித்தது புயல்கூட இல்லை, சாதாரணக் காற்று. அதற்கே மூன்று தகடு பறந்து பள்ளிக்கூட மைதானத்தில் போய் விழுந்தது. மேபல் பிரசவத்துக்கு வந்தபோது அவள் புருஷனும் மாமனாரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்றார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நனைந்துகொண்டேதான் பிறந்தது. இதையெல்லாம் சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். ஏனென்றால் நேர்மை அலுவலர் நான். நம் அலுவலகத்துக்கு இதுவரை வந்த ஒரே புகார் தங்களுடையது.

இனி வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். நீங்க கப்பலேறின மறுவாரம் சத்தியப் பிரமாண விழா நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிற ஆலோசகர் ஹெதர் அம்மா உங்களுக்குத் தெரியும், நல்ல மனுஷி, வளரும் நாடுகள்ல ஊழலை ஒழிக்கறதுக்காகவே சம்பளத்துக்கு வந்தவங்க, எந்தக் கேள்விக்கும் ஒரு படம் வரைஞ்சு காட்டுவாங்க. தலைவர்கள், வாத்தியார்கள், படகுக்காரங்க எல்லாருக்கும் தொப்பி கொடுத்தாங்க. 'நான் வாங்க மாட்டேன்'னு அதுல அச்சடிச்சிருக்கு. தொப்பியை வாங்கறதுக்கு ஒரே தள்ளுமுள்ளு. அப்புறம் எல்லாரும் கையைத் தூக்கி, யார்கிட்டயும் எதையும் வாங்க மாட்டோம்னு சொல்லணும், அவ்வளவுதான் விழான்னு அந்தம்மா சொன்னாங்க. நம்ம ஊர்த் தலைவர் வீரா எந்திரிச்சார். "கையைத் தூக்கினா சத்தியம் ஆயிடுமாம்மா? பன்றி அடிக்காம சொன்ன வார்த்தை வெறும் காத்து. நாளைக்கு எவனும் மதிக்க மாட்டான்"னார். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அதுல தப்பும் இல்லையே, நம்ம ஊர்ல பன்றி அடிக்காம எந்த வார்த்தை நின்னிருக்கு?

அந்தம்மா தன்னோட பட்ஜெட்டைப் புரட்டிப் பார்த்தாங்க. அதுல பன்றி இல்லை. என்னைப் பார்த்து, "பாசில், உள்ளூர்லயே ஏதாவது ஏற்பாடு பண்ணுங்களேன்"னாங்க. என்கிட்ட ஏது பன்றி, இருந்ததையெல்லாம் ரோசிதா அண்ணன் சாவுக்கே கொடுத்தாச்சு. ஊரே என் மூஞ்சியைப் பார்க்குது. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவன், வெறுங்கையோட நிக்கறேன். அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னாலேர்ந்து கரே வந்தான். ரோசிதாவுக்குப் பெரியப்பா மகன், அதனால எனக்கு மச்சான் முறை வேற. தோள்ல கை போட்டான். "ஏன் மச்சான் முழிக்கறே? நம்ம வீட்ல ஒண்ணு சும்மாதானே நிக்குது, கூட்டிட்டு வரட்டுமா?"ன்னான். நான் தலையாட்டிட்டேன். அக்கா, சத்தியமா சொல்றேன், அந்த நிமிஷத்துல எனக்கு அவன் காண்ட்ராக்டராவே தெரியலை. பன்றி வச்சிருக்கிற ஒரு ஆளாத்தான் தெரிஞ்சான்.

பல் முழு வட்டமா வளைஞ்ச பன்றி. நான் 'வாங்க மாட்டேன்' தொப்பியைப் போட்டுக்கிட்டு ஒரு கையில கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். ரோசிதா வழியில நின்னு பார்த்துட்டு, "தொப்பியையாவது கழட்டிட்டு இழுங்களேன்"னா. எனக்கு அப்பவாவது உறைச்சிருக்கணும். உறைக்கலை. யார்கிட்டயும் எதையும் வாங்க மாட்டேன்னு ஊரறியச் சத்தமா சொல்லி, கரே கொடுத்த பன்றி மண்டையில நானே கட்டையால அடிச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க, கரே எல்லாரையும்விடச் சத்தமா தட்டினான். ஹெதர் அம்மா ஈரலைக் கையில வச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. பன்றி எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டாங்க, உள்ளூர்க்காரர் ஒருத்தர் கொடுத்தார்னேன். 'சமூகப் பங்களிப்பு'ன்னு அறிக்கையில எழுதிக்கிட்டாங்க. மறுநாள் நக்கமால் கொட்டகைக்குக் கவா வேர்ச்சாறு குடிக்கப் போனா, அங்க ஒருத்தன் பாக்கி இல்லாம சிரிக்கறான். "வாத்தியாரே, நேர்மை நல்லா வெந்திருந்துச்சு, உப்புதான் கொஞ்சம் கம்மி"ங்கறான் படகுக்கார மோசஸ். சிரட்டையைக் குடிக்காமலே வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு நாள் வெளியில தலைகாட்டலை.

நம்ம முறை உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒருத்தன்கிட்ட பன்றி வாங்கினா, அதுக்கு ஈடா இன்னொண்ணைத் திருப்பிக் கட்டற வரைக்கும் அவனுக்கு எதிரா நாலு பேர் நடுவுல வாய் திறக்கக் கூடாது. கரே மிரட்டவே இல்லை. மிரட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும், உடனே புகார் பதிஞ்சிருப்பேன். அவன் பாட்டுக்கு ஒரு வாழைத்தாரோட வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "மச்சான், சனிக்கிழமை உனக்குத் தொண்டை சரியிருக்காதுன்னு நினைக்கறேன். இந்தக் காத்துக்கு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு"ன்னான். அவன் போனப்புறம் எனக்கு நிஜமாவே தொண்டை கரகரத்தது. வாழைத்தாரைத் திருப்பி அனுப்பறதுக்குள்ள பிள்ளைங்க தின்னுட்டாங்க.

ஆனால் அக்கா, தங்கள் தம்பி அப்படியே படுத்துவிடவில்லை. நேற்று, அதே அளவு பல் வளைந்த பன்றி ஒன்றை ஏற்பாடு செய்து, பட்டப்பகலில், ஊர் நடுவே இழுத்துக்கொண்டு போய் கரே வீட்டு வாசலில் கட்டிவிட்டேன். கடன் தீர்ந்தது. இனி என் நாக்கு என்னுடையது. சனிக்கிழமை எழுந்து நிற்பேன், அப்பளத் தகரத்தைப் பற்றிப் பேசுவேன், மேபலின் பிள்ளை நனைந்ததைச் சொல்வேன். தாங்கள் கவலையின்றிக் கப்பலேறலாம்.

எல்லாம் வல்ல ஆண்டவர் தங்களுக்கு அமைதியான கடலையும், கப்பலில் எஞ்சின் சூடு படாத இடத்தையும் அருளுவாராக. ரோசிதா தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
பாசில் தாரி,
நேர்மை அலுவலர்

பின்குறிப்பு: மேலே 'டாக்டர்' நலம்னு எழுதியிருக்கேன். நலம்தான். கரே வீட்டு வாசல்ல நலமா இருக்கு.

வேற பன்றி எனக்கு எங்கே கிடைக்கும் அக்கா? அந்த அளவு பல்லு இந்தக் கரையில அதுக்கு மட்டும்தான். கல்யாணத்துக்குள்ள வேற கரையில ஒண்ணு பார்த்துக் கட்டிடலாம், இன்னும் நாளிருக்குன்னு நினைச்சேன். நம்பி ஒப்படைச்சதை, அப்புறம் வச்சுடலாம்னு எடுத்தாலும் அது திருட்டுதான்னு போன மாசம் கிளார்க்குகளுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். கரும்பலகையில உதாரணத்துக்கு நான் வரைஞ்சதே ஒரு பன்றிதான்.

இதோட போயிருந்தாலும் பரவாயில்லை. அதோட காதுல, உங்க பன்றின்னு அடையாளத்துக்கு நீங்க போட்ட வெட்டு இருக்கறதை மறந்துட்டேன். வழி நெடுக எல்லாரும் பார்த்திருக்காங்க. கரே வாசல்ல சிவப்புப் பாய் விரிச்சு, "எல்சினா அக்கா சமாதானத்துக்குப் பன்றி அனுப்பிட்டாங்க"ன்னு எல்லாருக்கும் கவா ஊத்தினான். புகார் சொன்னவங்க பன்றி குத்தவாளி வாசல்ல கட்டியாச்சுன்னா வழக்கு முடிஞ்சுதுன்னு தலைவர் வீரா தீர்ப்பு சொல்லிட்டார். சனிக்கிழமை கூட்டம் இல்லை, விருந்துதானாம். நான் ஓடிப்போய், "அது என் கணக்குல போன பன்றி தலைவரே"ன்னேன். "காது யாரோடது?"ன்னு கேட்டார். அங்கதான் நான் செத்தேன். திருடினதுன்னு ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருக்கலாம், நாக்கு எழும்பலை. ஹெதர் அம்மா, 'முதல் புகார் பாரம்பரிய முறையில் சுமுகமாகத் தீர்ந்தது'ன்னு எழுதி முடிச்சுட்டாங்க. மேலிடத்துல ரொம்ப சந்தோஷப்படுவாங்களாம்.

இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. திருட்டுப் பன்றியால சமாதானம் ஆகாது, அதுவும் நம்ம வழக்கம்தான். நீங்க கப்பலை விட்டு இறங்கினதும், கரே மாலையோட வருவான், அதை வாங்காதீங்க. படகுத்துறையில எல்லார் காதுலயும் விழற மாதிரி, என் பன்றியை என் தம்பி திருடிட்டான்னு சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன். கரே பன்றியைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆகணும், உங்க கூரைப் புகாருக்கு உயிர் வந்துடும். என் வேலை போயிடும், போகட்டும். அந்தத் தொப்பியை இனிமே என்னால போட முடியாது.

அக்கா தம்பியை முகத்துக்கு நேரே திட்டக் கூடாதேன்னு தயங்காதீங்க. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பேன். என் முகத்தை நீங்க பார்க்க வேண்டியிருக்காது.