சிவப்பு லைட், நீல லைட்

என் பெண்டாட்டியை டெக்னோ இசைக்கு ஆட வைக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு இது வாழ்வா சாவா விஷயம்.

நான் லிஃப்ட் ரிப்பேர்காரன். டெக்னோ என்றால் எனக்கு ஒழுங்காக ஓடும் மோட்டார். டம் டம் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பாடாது, அழாது, யாருக்கும் ஐஸ் வைக்காது. கறுப்புச் சட்டை போட்டு, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு ஆட வேண்டும். அதுதான் அசல். அவளுக்குப் பிடித்தது ட்ரான்ஸ். மெட்டு மேலே மேலே ஏறும், நடுவில் நின்றுவிடும், எல்லோரும் கையைத் தூக்கிக் கண்ணை மூடிக் காத்திருப்பார்கள். எங்கள் தொழிலில் லிஃப்ட் அப்படி நடுவில் நின்றால் ஆள் அனுப்புவார்கள். இதை அவளிடமே சொன்னேன். போய் மோட்டாருக்கு எண்ணெய் போடச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூச்சு வாங்க ஆடிய ஜோடிதான் நாங்கள். அப்போது என்ன பாட்டு ஓடியது என்று நான் கவனித்ததே இல்லை. அப்புறம் டெக்னோதான் அசல் என்று எனக்கு ஞானம் பிறந்தது. அவள் ஆடுவதை நிறுத்திவிட்டாள். இப்போதும் பாத்திரம் கழுவும்போது அவள் தோள் லேசாக அசையும். வாசற்படியில் நின்று பார்ப்பேன். மனசு கிடந்து ஏங்கும். கூப்பிட வாய் வராது. கூப்பிட்டால் ட்ரான்ஸ் போடச் சொல்வாளே.

அப்போதுதான் எங்கள் குடியிருப்பு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் ஆட்டம் ஏற்பாடானது. ஸ்பீக்கர் கூடாது என்று செயலாளர் சொன்னதால் ஆளுக்கொரு ஹெட்போன். பொத்தானை இப்படித் தள்ளினால் சிவப்பு லைட் எரிந்து டெக்னோ. அப்படித் தள்ளினால் நீல லைட் எரிந்து ட்ரான்ஸ். பாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பாலுக்குப் பூனை காவல். ரெண்டு பக்கத்திலும் டெக்னோவையே ஏற்றிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் நீலம், சிவப்பு, நீலம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஹெட்போன் கெட்டுப்போச்சு என்று வந்தார். வேறொன்றை மாட்டி அனுப்பினேன்.

அவள் வந்தாள். நீல லைட். சிவப்புக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி நீலத்துக்கே வந்தாள். எதிரே சிவப்பு லைட்டில் ஆடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். பிறகு ஆட ஆரம்பித்தாள். என் தாளத்தில், அடிக்கு அடி பிசகாமல். கறுப்புச் சட்டைக்காரன் சிரிக்கக் கூடாது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வேறு.

முடிந்ததும் மார்தட்டினேன். "இவ்வளவு நேரம் நீ ஆடினது டெக்னோ, தெரியுமா?"

தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். ஒரு சத்தமும் இல்லை.

"ரெண்டு பக்கமும் டம் டம்னுச்சு. உங்க வேலைதான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. சத்தத்தைச் சுத்தமா குறைச்சுட்டேன்."

"அப்ப எதைக் கேட்டு ஆடினே?"

"உங்க காலைப் பார்த்து ஆடினேன். அது டெக்னோவும் இல்ல, ட்ரான்ஸும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஆடின அதே ஆட்டம்தான்." அவள் குரல் தணிந்தது. "இத்தனை திருட்டு வேலை பண்ணினதுக்கு, வா ஆடலாம்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

கையை நீட்டினேன். "வா, ஆடலாம்."

"இப்பக் கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.